ஆறு டிஸ்க், எட்டு அறை: மிரரா, ரெய்டு-இசட்2-ஆ?

குடந்தை நிழற்படம்:

வணக்கம். கும்பகோணத்தில் கல்யாணப் படப்பிடிப்பு ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். பழைய வீடியோக்களும் ரா படங்களும் சேர்ந்து இன்றைக்கு ஏறக்குறைய 14 டெராபைட் இருக்கின்றன. எல்லாம் யுஎஸ்பி டிஸ்குகளில், மேலே வருடம் எழுதி ஒட்டி, பீரோவுக்குள் அடுக்கியிருக்கிறது. 2016 மகாமகத்தின்போது எடுத்த காட்சிகள் தனியாக ஒரு டிஸ்கில் உள்ளன. அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது. அந்த டிஸ்க் இப்போதெல்லாம் சுழலத் தொடங்கும்போது 'டிக் டிக்' என்கிறது.

எட்டு டிஸ்க் அறைகள் உள்ள பெட்டி ஒன்றும் 8 டெராபைட் டிஸ்குகள் ஆறும் வாங்கி, பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பாக நடத்தும் இசட்எஃப்எஸ் என்ற மென்பொருளைப் போடலாம் என்று இருக்கிறேன். மூன்று ஜோடி மிரராக, அதாவது ஜோடியின் இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவு இருக்கும்படி, அமைத்தால் 24 டெராபைட் கிடைக்கும். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு-இசட்2 என்றால் 32, ஒன்று போனால் மட்டும் தாங்கும் ரெய்டு-இசட்1 என்றால் 40. கடைக்காரர் "ரெய்டு 5 போதும் சார், எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்" என்கிறார் (அதுவும் ரெய்டு-இசட்1 மாதிரி ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்குவது). இணையத்தில் தேடினால் மிரரைத் தவிர வேறு பேச்சே கூடாது என்று அடித்துச் சொல்கிறார்கள். எடிட்டிங் தனிக் கணினியில் நடக்கிறது. முடிந்த வேலைகள்தான் இதற்கு வரும். நெட்வொர்க் சாதாரண கிகாபிட். வருடத்துக்கு மூன்று டெராபைட் கூடும், முகூர்த்தம் நிறைய இருந்தால் நான்கு. எதைத் தேர்ந்தெடுப்பது?

வெண்ணாற்றங்கரை:

முதலில் அந்தச் சத்தம் போடும் டிஸ்கை இன்றைக்கே வேறொன்றில் பிரதி எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எடுத்தாயிற்று என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கடைக்காரர், இணையம் இரண்டு பேரும் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு டிஸ்க் செத்த நேரத்திலிருந்து புது டிஸ்கில் எல்லாம் எழுதி முடியும் நேரம் வரை, உங்கள் ஊரில், உங்கள் நிலைமையில், எத்தனை நாள் ஆகும்? அந்த இடைவெளியில்தான் பூல், அதாவது உங்கள் மொத்தச் சேமிப்பு, சாகும். அமைப்பைத் தேர்ந்தெடுப்பது அந்த நாட்களுக்காகத்தான்.

இசட்எஃப்எஸ்-இல் டிஸ்குகள் சேர்ந்து விடெவ், விடெவ்கள் சேர்ந்து பூல். பாதுகாப்பு எல்லாம் விடெவுக்குள் மட்டும்தான். பூல் தன் தரவை எல்லா விடெவ்களிலும் பரப்பி எழுதுவதால், ஒரு விடெவ் போய்விட்டால் மற்றவை நன்றாக இருந்தும் பயனில்லை. கொள்ளிடக் கரை மாதிரி. ஓரிடத்தில் உடைந்தால் போதும், மிச்சக் கரை எவ்வளவு உறுதியாக இருந்து என்ன?

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று ஜோடி மிரரில் ஒரு டிஸ்க் போகிறது. மிச்சம் ஐந்து. செத்ததன் ஜோடி எதுவோ அது போனால் பூலே போயிற்று. அடுத்துச் சாகும் டிஸ்க் அதுவாக இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. அந்த வேளையில் முழு மூச்சாக ஓடி, புது டிஸ்குக்குத் தரவு கொடுத்துக்கொண்டிருப்பதும் அந்த ஜோடி டிஸ்க்தான். ரெய்டு-இசட்2-இல் இரண்டாவதாக எது செத்தாலும் பூல் பிழைக்கும்.

மிரரின் வேகம் உங்களுக்கு எதற்கும் உதவாது. கிகாபிட் கம்பியில் நொடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் போகாது. பெரிய கோப்புகளை வரிசையாக எழுதும்போது ஒற்றை டிஸ்கே அதைவிட வேகமானது.

ஓடம்போக்கி:

வெண்ணாற்றங்கரை அண்ணன் சொல்வது ஸ்டூடியோவுக்குச் சரி. மிரரை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்கான மெய்நிகர் கணினிகளை ஒரே சர்வரில் ஓட்டுகிறோம். காலை வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். அங்கே தேவைப்படுவது சிறு சிறு துண்டுகளை அங்கங்கே எழுதிப் படிக்கும் வேகம். ரெய்டு-இசட் விடெவ் ஒன்று அந்த வேலையில் ஏறக்குறைய ஒற்றை டிஸ்க் அளவுக்குத்தான் ஓடும், உள்ளே ஆறு டிஸ்க் இருந்தாலும் சரி. மூன்று ஜோடி மிரர் எழுதுவதில் மூன்று டிஸ்க் அளவு, படிப்பதில் ஆறு டிஸ்க் அளவு வேலை செய்யும்.

இன்னொன்று, இடம் வீணாவது. 4 கிலோபைட் செக்டர் (டிஸ்க் எழுதும் மிகச் சிறிய அலகு) கொண்ட டிஸ்கில் 8 கிலோபைட் பிளாக்கை ரெய்டு-இசட்2-இல் எழுதினால் தரவுக்கு இரண்டு செக்டர், பாரிட்டிக்கு (செத்த டிஸ்கின் தரவை மீட்க உதவும் கூடுதல் கணக்கு) இரண்டு, ஆக நான்கு. ஆனால் ஒதுக்கீடு மூன்றின் மடங்காகத்தான் நடக்கும். ஆகவே ஆறு செக்டர் போய்விடும். மூன்றில் ஒரு பங்குதான் உங்கள் தரவு. பாதியையாவது கையில் தரும் மிரர் இதற்கு மேல். நாற்பது டெராபைட், முப்பத்திரண்டு டெராபைட் என்று காகிதத்தில் போடும் கணக்கெல்லாம் பெரிய பிளாக்குகளுக்கு மட்டும்.

வளர்ப்பதிலும் மிரர் எளிது. இரண்டு டிஸ்குகளை மட்டும் பெரியதாக மாற்றினால் போதும், அந்த அளவுக்கு பூல் விரியும்.

வெண்ணாற்றங்கரை:

ஓடம்போக்கி தம்பி, மெய்நிகர் கணினிகளுக்கு மிரர்தான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்த 8 கிலோபைட் கணக்கும் சரியே. ஆனால் ஓபன் இசட்எஃப்எஸ் 2.2-இலிருந்து வால்யூம்களுக்கு (மெய்நிகர் கணினிக்கு டிஸ்காகக் காட்டும் பகுதிகள்) இயல்பான பிளாக் அளவு 16 கிலோபைட். ஆறு டிஸ்க் ரெய்டு-இசட்2-இல் அதற்குத் தரவு நான்கு, பாரிட்டி இரண்டு. ஆறு என்பது மூன்றின் மடங்குதான், ஒன்றும் வீணாகாது. ஸ்டூடியோக்காரர் ரெக்கார்டு அளவை (கோப்புகளை எழுதும் பிளாக்கின் உச்ச அளவு) 1 மெகாபைட் என்று வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு முழுசாகவே கையில் நிற்கும்.

அரசலாறு:

அண்ணா, ஒரு சந்தேகம். ரெய்டு-இசட்1 என்றால் 40 டெராபைட் கிடைக்கிறது. ஒரு டிஸ்க் போனால் மாற்றிவிட்டால் போகிறது. அதை ஏன் யாரும் பேசவே மாட்டேன் என்கிறீர்கள்? 10-இன் அடுக்கு 14 பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரும், அதாவது 12.5 டெராபைட் படித்தாலே ஒரு பிழை நிச்சயம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதுதான் காரணமா?

வெண்ணாற்றங்கரை:

அந்த 12.5 டெராபைட் பூச்சாண்டியை நான் நம்புவதில்லை. டிஸ்க் தயாரிப்பாளர் தரும் அந்த எண் 'இதைவிட மோசமாக இருக்காது' என்கிற உச்சவரம்பு. இத்தனை படித்தால் ஒன்று வந்தே தீரும் என்று அதற்கு அர்த்தமில்லை. மாதாமாதம் பூல் முழுவதையும் ஸ்கிரப் செய்கிறவர்கள், அதாவது படித்துச் சரிபார்க்கிறவர்கள், அதைப்போல் பல மடங்கு படித்தும் ஒரு பிழைகூடக் காணாமல் இருக்கிறார்கள். அப்படியே ஒரு செக்டர் படிக்க முடியாமல் போனாலும், இசட்எஃப்எஸ் அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கட்டி முடிக்கும். பழைய ரெய்டு கார்டுகள் சில அந்த ஒரு செக்டருக்காக மொத்த வேலையையும் கைவிட்டுவிடும். அந்தப் பயம்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ரெய்டு-இசட்1 வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த ஆறு டிஸ்குகள். ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் செய்தவை. ஒரே லாரியில் குலுங்கியவை. ஒரே அறையில் ஒரே கோடையில் வெந்தவை. ஒன்று போகும் நேரத்தில் இன்னொன்றும் களைத்துப்போயிருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். அந்தக் களைத்த டிஸ்கைத்தான் நீங்கள் மணிக்கணக்கில் முழு வேகத்தில் படிக்கச் சொல்கிறீர்கள். ஒரு டிஸ்கில் ஐந்தரை டெராபைட் இருந்தால், எல்லாம் கூடி வந்தாலும் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பூலில் வேலையும் நடந்தால் இரண்டு நாள்கூட இழுக்கும். ரெய்டு-இசட்1-இல் அந்த நேரம் முழுக்க உங்களிடம் மிச்சப் பாதுகாப்பு பூஜ்ஜியம்.

அதுவும் புது டிஸ்க் கையில் இருந்தால். வாரண்டிக்கு அனுப்பி, அது சென்னை போய், மாற்று டிஸ்க் கூரியரில் திரும்பி வருவதற்குள் என்னென்னவோ நடக்கும்.

உப்புக்காற்று:

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். "எத்தனை நாள்" என்று வெண்ணாற்றங்கரை கேட்டது எங்கள் பக்கத்தில் ஏட்டுக் கேள்வி இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கூரியர் எங்கே வரும்? கெட்டுப்போன டிஸ்கோடு ஓடிக்கொண்டிருந்த பூல் அப்படியே அணைந்து கிடக்க வேண்டியதுதான். பிறகு ஒரு நாள் மின்சாரம் வரும், அரை மணியில் போகும், மறுபடி வரும். பழைய டிஸ்குகள் சாவது அப்படி அணைந்து எழும்போதுதான்.

ஆகவே ரெய்டு-இசட்2-க்குத்தான் என் வாக்கு. அதோடு மேசை இழுப்பறையில் சோதித்த டிஸ்க் ஒன்று.

ஆனால் இத்தனை பேர் எழுதியும் ஒருவரும் சொல்லாததைச் சொல்கிறேன். பெட்டி கீழ்த்தளத்தில் இருந்து வெள்ளம் புகுந்தால் ஆறு டிஸ்கும் சேர்ந்துதான் நனையும். மிரர், இசட்2, இசட்3, எதுவும் அங்கே எடுபடாது. பூலின் பாரிட்டி டிஸ்க் சாவதற்கு மட்டுமே மருந்து. தவறுதலாக அழித்ததற்கும், திருட்டுக்கும், இடிக்கும், தண்ணீருக்கும் வேறு ஊரில் இன்னொரு பிரதிதான் வேண்டும். மகாமகக் காட்சிகளுக்கு அது இல்லாமல் இந்த இழையே வீண்.

குடந்தை நிழற்படம்:

அந்த டிஸ்கைப் பிரதி எடுத்துவிட்டேன். சில கோப்புகளில் மட்டும் தடுமாறியது, கடைசியில் எல்லாம் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

திருச்சியில் அக்கா வீடு இருக்கிறது, மாடி அறை. 18 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கி, அங்கே பழைய கணினி ஒன்றில் மாட்டி, இங்கிருந்து அனுப்பலாமா? அதற்கு ரெய்டு வேண்டாமா?

வெண்ணாற்றங்கரை:

இரண்டாவது பிரதிக்கு ரெய்டு அவசியமில்லை. ஒற்றை டிஸ்க் பூல் போதும். பிழை வந்தால் செக்சம் (தரவோடு வைக்கும் சரிபார்ப்பு எண்) சொல்லிவிடும், இங்கிருந்து திரும்ப எழுதிக்கொள்ளலாம். முதல் முறை 14 டெராபைட்டையும் இங்கேயே ஸ்டூடியோவில் வைத்து ஏற்றிவிட்டு, டிஸ்கைப் பையில் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போங்கள். அதன் பிறகு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு (பூலின் அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகள்) இடையிலான வித்தியாசம் மட்டும் இரவில் இணையம் வழியே போகட்டும். ஒரு கல்யாணம் இருநூறு முன்னூறு கிகாபைட் வருகிறது, இணைப்பு மெதுவானது என்றால், டிஸ்கையே மாதம் ஒருமுறை எடுத்து வாருங்கள். அக்காவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒற்றை டிஸ்கில் 18 டெராபைட் ஒன்றரை வருடத்துக்குள் நிறைந்துவிடும் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாயூரம்67:

நான் மின்சாரத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கணினி விஷயம் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. மின்சாரத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன்.

மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் இழுக்கும். ஆறும் ஒன்றாக எழுந்தால் 12 ஆம்பியர், 144 வாட். சில நொடிதான் என்றாலும் மலிவான பவர் சப்ளை அங்கேதான் தள்ளாடும். சுழல ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து எட்டு வாட்டுக்குள் அடங்கிவிடும். டிஸ்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் வசதி போர்டில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்பி சர்வர் ஓட்டாதீர்கள். மின்விசிறிக்குத் தெரியாத அந்தக் கண்சிமிட்டல் கணினிக்குத் தெரியும். தனி யுபிஎஸ் வைத்து, அதன் யுஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, பேட்டரி குறைந்ததும் சர்வர் தானாக அணையும்படி செய்துவிடுங்கள். அந்த கேபிளைப் பெட்டியிலிருந்தே பிரிக்காமல் பரணில் போட்டுவைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அரசலாறு:

ஐயா, இசட்எஃப்எஸ்-இல் மின்சாரம் போனாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்களே?

வெண்ணாற்றங்கரை:

பாதி உண்மை. பழைய ரெய்டு 5-இல் தரவு எழுதப்பட்டு பாரிட்டி எழுதப்படுவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்கும். இசட்எஃப்எஸ் பழையதன் மேல் எழுதுவதே இல்லை. புது இடத்தில் எழுதி முடித்த பிறகே, தரவு எங்கே என்று காட்டும் குறிப்பை மாற்றும். அதனால் பூல் குழம்பாது. ஆனால் கடைசிச் சில நொடிகளில் நினைவகத்தில் மட்டும் இருந்தது போய்விடும். வழக்கமாக ஐந்து நொடிக்கு ஒருமுறை அது டிஸ்குக்கு இறங்குகிறது. டிஸ்க் மோட்டாரையும் பவர் சப்ளையையும் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. ஐயா சொன்ன யுபிஎஸ் அவசியம்.

உப்புக்காற்று:

வாங்குவதற்கு முன் ஒன்று. டிஸ்க் சிஎம்ஆர் வகையா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதது) என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். தொடர்ந்து எழுதச் சொன்னால் திணறும். ரீசில்வர் (மாற்று டிஸ்கில் தரவைத் திரும்பக் கட்டுவது) என்பதே மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதுவதுதான். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை வெளியில் சொல்ல வேண்டியதாயிற்று. ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தது அதற்குப் பிறகுதான். அட்டையில் 'நாஸ்' (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கானது) என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

ஆறையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டாம். மூன்று திருச்சியில், மூன்று சென்னை ரிச்சி தெருவில் என்று பிரித்தால் ஒரே தொகுதியாக இருக்கும் ஆபத்து குறையும்.

அரசலாறு:

எட்டு அறை இருக்கிறதே, எட்டு டிஸ்கும் போட்டு ரெய்டு-இசட்3? அல்லது ஏழு போட்டு ஒன்று ஹாட் ஸ்பேர், அதாவது செத்ததன் இடத்தைப் பிடிக்கத் தயாராகச் செருகி வைத்த டிஸ்க்?

வெண்ணாற்றங்கரை:

ஒரே ஒரு விடெவ் உள்ள பூலுக்கு ஹாட் ஸ்பேர் எனக்குப் பிடிக்காது. எப்படியும் சுழன்று, சூடாகி, தேய்ந்துகொண்டிருக்கப் போகிற டிஸ்க் என்றால் அதையும் பாரிட்டியாக்கிவிடலாமே. இல்லை என்றால் இழுப்பறையில் தூங்கட்டும், தேயாமல் இருக்கும். பெரிய பூல்களில், பல விடெவ்களுக்குப் பொதுவாக ஒன்று என்றால் கதை வேறு.

அதைவிட முக்கியம், ஓர் அறையையாவது காலியாக விடுங்கள். டிஸ்க் பெரும்பாலும் ஒரேயடியாகச் சாவதில்லை. முதலில் சில செக்டர்கள் கெடும். அப்போது கெடும் டிஸ்கை உருவாமல், காலி அறையில் புதியதைச் செருகி, மாற்றச் சொல்லி கட்டளை கொடுக்கலாம். பழைய டிஸ்கில் இன்னும் படிக்க முடிகிற பகுதி அத்தனையும் இசட்எஃப்எஸ்-க்குக் கிடைக்கும். எழுதி முடியும் வரை பூலின் இரண்டு டிஸ்க் பாதுகாப்பும் குறையாது. எட்டு அறையையும் நிரப்பிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இரண்டு அறை காலியாக இருந்தால் இன்னொரு லாபம். 2025 ஜனவரியில் வந்த ஓபன் இசட்எஃப்எஸ் 2.3-இலிருந்து ரெய்டு-இசட் விடெவில் ஒவ்வொரு டிஸ்காகச் சேர்த்து அகலப்படுத்தலாம். ஏற்கெனவே எழுதியவை பழைய விகிதத்திலேயே இருக்கும், புதிதாக எழுதுபவை மட்டும் புது விகிதத்தில் போகும். ஆனால் இசட்1-ஐ இசட்2 ஆக்க முடியாது. ஆகவே பாரிட்டியை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அகலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குடந்தை நிழற்படம்:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. 32-இல் எண்பது சதவீதம் வரை நிரப்பலாம் என்றால் இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேல். இப்போதைய 14-ஐ வைத்துப் பார்த்தால் மூன்று வருடம் தாராளமாக ஓடும். 2028 மகாமகம் வரும்போது ஏழாவது டிஸ்க் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஓடம்போக்கி:

நல்ல முடிவு. எங்கள் ஆய்வகத்தில் மிரர்தான், அதை நான் மாற்றப் போவதில்லை.

பூலை உருவாக்கும்போது கணினி தானாக வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களைக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை துவங்கும்போது அவை இடம் மாறலாம். வரிசை எண் உள்ள பெயரைக் கொடுங்கள். அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சிறு காகிதத்தில் எழுதி ஒவ்வொரு அறையின் முகப்பிலும் ஒட்டிவிடுங்கள். ஒரு டிஸ்க் கெட்டு பூல் தள்ளாடும் நேரத்தில் நல்ல டிஸ்கை உருவியவர்கள் உண்டு. ஏஷிஃப்ட் 12 (4 கிலோபைட் செக்டர் என்று அர்த்தம்) என்று கொடுக்கவும் மறக்க வேண்டாம், விடெவ் உருவான பிறகு அதை மாற்ற முடியாது.

ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) 199-ஆம் எண், அதாவது கேபிள் வழியே வரும் பிழை, ஏறினால் டிஸ்கைக் குறை சொல்வதற்கு முன் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். கெட்ட செக்டர்களை எண்ணும் 5, 197, 198 ஏறினால்தான் டிஸ்கைச் சந்தேகிக்க வேண்டும்.

உப்புக்காற்று:

கடலோரத்தில் அந்த 199 அடிக்கடி ஏறும். கேபிள் முனையில் பச்சை பூத்திருக்கும். கும்பகோணத்தில் அவ்வளவு இருக்காது.

குடந்தை நிழற்படம்:

டிஸ்குகள் வந்துவிட்டன. பேட்பிளாக்ஸ் (டிஸ்க் முழுக்கச் சோதிக்கும் நிரல்) ஓட்டினேன். முதலில் பிளாக் எண்ணிக்கை அதிகம் என்று ஓட மறுத்தது. பிளாக் அளவை 4096 என்று கொடுத்ததும் ஓடியது. ஐந்து சுத்தமாக இருக்கின்றன. ஆறாவதில் 5-ஆம் எண் பூஜ்ஜியத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. கடையில் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள், ஆனால் பத்து நாள் ஆகுமாம். ஐந்து டிஸ்கோடு ஆறாவதற்குப் பதில் ஒரு வெற்றுக் கோப்பைக் காட்டிப் பூலை இப்போதே உருவாக்கிவிடலாம் என்று ஓரிடத்தில் படித்தேன். செய்யலாமா?

வெண்ணாற்றங்கரை:

செய்யலாம், வேலை செய்யும். கோப்பைக் காட்டி உருவாக்கி, உடனே அதை ஆஃப்லைன் செய்துவிட்டால், ஒரு டிஸ்க் குறைந்த ரெய்டு-இசட்2 ஓடும். அதாவது உங்களிடம் இருப்பது இசட்1-இன் பாதுகாப்பு, அதுவும் புத்தம்புது டிஸ்குகளில். புது டிஸ்குகள் முதல் சில வாரங்களில் சாவது சகஜம். உங்கள் ஆறாவதே அதற்குச் சாட்சி.

இது ஆடி மாதம். கல்யாணம் இல்லை, புதுத் தரவும் வரப்போவதில்லை. பத்து நாள் பொறுங்கள். அந்த ஐந்தையும் அதுவரை இன்னொரு சுற்று ஓடவிடுங்கள். ஏஷிஃப்டும் ரெக்கார்டு அளவும் எழுதி வைத்த காகிதம் பத்திரமாக இருக்கட்டும்.

குடந்தை நிழற்படம்:

சரி. இரண்டாவது சுற்று இன்று இரவே ஆரம்பிக்கிறேன். ஏசியை அணைக்கவா, ஓடவிடவா? டிஸ்குகள் 44 டிகிரியில் நிற்கின்றன.

மாயூரம்67:

ஓடட்டும். முன்பக்க மின்விசிறியில் தூசி வலை இருந்தால் கழற்றித் தட்டிப் போடுங்கள். அதிலேயே மூன்று நான்கு டிகிரி இறங்கும்.